ஐம்பது லிட்டரும் நூற்றெழுபது மைலும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கும் பௌதிகமும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் நான் கொடுத்த கணக்குகளுள் பல, தொட்டியை நிரப்பும் குழாய்களைப் பற்றியவை. அவற்றின் விடை தவறினால் மதிப்பெண் போகுமே தவிர வேறு ஒன்றும் போகாது. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதத்திலும் ஒரு தொட்டிக் கணக்கு இருந்தது. அது அவ்வளவு எளிதாக விடக்கூடியதன்று.

அவர் ஒரு பாய்ப்படகில் மாலுமியாகச் சேர்ந்து, அட்லாண்டிக் மாகடலில் பெர்முடாத் தீவிலிருந்து அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் ஓர்ட்டா துறைமுகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். ஏறத்தாழ 1,800 கடல் மைல் பயணம். கோடையில் அந்தத் தீவுகளின் பக்கத்தே உயர் அழுத்த மண்டலம் ஒன்று தங்கி நிற்பது வழக்கம். அதன் நடுவே காற்று ஓய்ந்துவிடும். ஓர்ட்டாவுக்கு இன்னும் 170 மைல் இருக்கையில் பாய்கள் துவண்டு தொங்கின. குடிநீரும் குறைந்துவிட்டது. இனிப் படகிலிருந்த சிறிய டீசல் எஞ்சினே துணை.

தொட்டியில் இருந்தது 60 லிட்டர் எண்ணெய். அதன் அடியில் கசடும் நீரும் தங்கியிருக்கும். மேலும், படகு ஆடும்போது உறிஞ்சுகுழாயினுள் காற்று புகுந்தால் டீசல் எஞ்சின் நின்றுவிடும். அக்காற்றை வெளியேற்றினாலன்றி மீண்டும் ஓடாது. ஆகவே 10 லிட்டரை இல்லையென்றே கொள்ள வேண்டும். மிஞ்சியது 50.

"முழு விசையில் ஓட்டுவோம். விரைந்து போனால் எஞ்சின் ஓடும் நேரம் குறையும்; நேரம் குறைந்தால் எண்ணெயும் குறையும்" என்றாராம் உடனிருந்த ஒருவர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. என் வகுப்பிலும் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இதில் பிழை எங்கே இருக்கிறது?

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் டீசல் எண்ணெயில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி அளவு வெப்பம் அடங்கியிருக்கிறது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மன் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினைச் சோதித்துக் காட்டியபோது, அவ்வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வேலையாக மாறிற்று. அக்காலத்து நீராவிப் பொறிகளோடு ஒப்பிட்டால் அது வியப்புக்குரிய அளவு. இன்றைய சிறு படகு எஞ்சினிலும் லிட்டருக்குச் சுமார் 3 கிலோவாட் மணி வேலை கிடைக்கும் என்று கொண்டால் பெரும் பிழை நேராது. அதாவது, எஞ்சின் எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு எண்ணெய் செலவாகும். அதில் மர்மம் எதுவும் இல்லை.

மர்மமெல்லாம் நீரில் இருக்கிறது. படகு நீரைக் கிழித்துச் செல்லும்போது முன்பக்கத்தில் ஓர் அலை எழும்பும். அது படகோடு கூடவே ஓடும். ஆழ்கடலில் ஓர் அலையின் வேகத்தை அதன் நீளம் நிர்ணயிக்கிறது. முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது வரும். நம் மாணவரின் படகு நீர்மட்டத்தில் 8 மீட்டர் நீளம் உடையது. 8-இன் வர்க்கமூலம் 2.83, பெருக்கினால் 6.9. படகு 5 மைல் வேகத்தில் செல்லும்போது அலையின் நீளம் 4 மீட்டரைச் சற்றே தாண்டும். படகின் நீளத்துக்குள் ஏறக்குறைய இரண்டு அலைகள் அடங்கிவிடும். 7 மைலை நெருங்கும்போதோ ஒரே அலை படகின் முழு நீளத்துக்கும் நீண்டு, முனையில் ஒரு முகடும் பின்கோடியில் ஒரு முகடும் நிற்க, படகு நடுப்பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். அதற்கு மேல் விரைய வேண்டுமானால், தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏற வேண்டும்! வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயர் 1870-களில் டார்க்கீ நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, மெழுகாற் செய்த சிறு கப்பல்களை அதில் இழுத்து இந்த அலைத்தடையை ஆராய்ந்தார். பெரிய கப்பலைக் கட்டிய பிறகு வருந்துவதைவிட மெழுகுக் கப்பலைக் கெடுப்பது மலிவு என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

இத்தகைய படகுக்கு வேண்டிய சக்தி, மிதமான வேகங்களில் வேகத்தின் கனத்திற்கு ஏற்ப உயர்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். எல்லை வேகத்தை நெருங்கும்போது அதனினும் கடுமையாக உயரும். மணிக்கு ஆகும் செலவு கனத்திற்கு ஏற்ப ஏறுகிறது. நேரமோ வேகத்தின் விகிதத்தில் மட்டுமே குறைகிறது. ஆகவே மைலுக்கு ஆகும் செலவு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறும். உடனிருந்தவர் நேரம் குறைவதைக் கண்டார். சக்தி பெருகுவதைக் காணவில்லை.

நம் மாணவர் அப்படகில் முன்பே அளந்து குறித்து வைத்திருந்தார். 6.5 மைல் வேகத்தில் மணிக்கு 4 லிட்டர், 5 மைல் வேகத்தில் ஒன்றரை லிட்டர், 4.5 மைல் வேகத்தில் 1.1 லிட்டர். இனி நீங்களே கணக்கிடலாம். முதல் வேகத்தில் 170 மைலைக் கடக்க 26 மணி போதும். ஆனால் அதற்கு 105 லிட்டர் வேண்டும். உள்ள ஐம்பதில் 81 மைல் சென்று, கரை காணாத நீரில் எஞ்சின் ஓய்ந்துவிடும். 5 மைல் வேகத்தில் 34 மணி, 51 லிட்டர். ஒரு லிட்டர் போதவில்லை! 4.5 மைல் வேகத்தில் ஏறக்குறைய 38 மணி, 42 லிட்டர்.

அப்படியானால் இன்னும் மெதுவாக, 2 மைல் வேகத்தில் ஊர்ந்து போகலாகாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எஞ்சின் தன் பாகங்களைச் சுழற்றிக்கொள்ளவே ஓரளவு எண்ணெயை எரிக்கிறது. மிகக் குறைந்த சுமையில் அந்த வீண் செலவே பெரும்பங்காகிவிடும். நெடுநேரம் சுமையின்றி ஓடினால் உள்ளே கரியும் படியும். எதிர்நீரோட்டம் இருந்தாலோ, மெதுவாகச் செல்பவன் நின்ற இடத்திலேயே நிற்பான். மேலும், குடிநீர் குறைந்த படகில் இருப்பவர்களுக்கு நான்கு நாள் என்பது சிறிய காலமன்று.

அவர்கள் 4.5 மைல் வேகத்தையே தேர்ந்தார்கள். குடிநீரை அளந்து பருகினார்கள். உடனிருந்தவர் முதல் நாள் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இரண்டாம் இரவில் மூன்று மணி நேரம் சிறு காற்று வீசவே, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை விரித்தார்கள். ஓர்ட்டா துறைமுகத்தில் படகைக் கட்டிய பின் தொட்டியில் கோலை விட்டு அளந்ததில் 21 லிட்டர் இருந்தது. "கணக்குப்படி 18 இருக்க வேண்டும், ஐயா, அந்த மூன்று லிட்டரும் காற்றுக் கொடுத்தது" என்று எழுதியிருந்தார்.