இரு கரைகளுக்கு இடையே: வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பைக் கற்பித்தல்

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் தொகையிடலின் பயன்பாடுகள் பாடத்தை நடத்தும்போது ஒன்றைக் கவனித்திருப்போம். மாணவர்கள் தொகையிடுவதில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. எதிலிருந்து எதைக் கழிப்பது, எந்த எல்லைகளுக்குள், எந்த மாறியைப் பொறுத்து என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. "மேல் வளைவரை கழித்தல் கீழ் வளைவரை" என்று மனப்பாடமாக எழுதிவிட்டு, படமே வரையாதவர்கள் பலர்.

புளியந்தோப்பு மாணவர்களுக்கு நான் இதைக் கடற்கரையை வைத்து விளக்குகிறேன். காசிமேடும் இராயபுரமும் அவர்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. நம் கடலோரத்தில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1870களில் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கி, அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. மணல் வரத்து குறைந்த வடபுறத்தில், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூருக்கு அப்பாலும் கடல் நிலத்தை அரித்தது. அங்கே கருங்கல் கொட்டியதும் தூண்டில் வளைவுகள் கட்டியதும் அதனால்தான். பழைய கரை ஒரு வளைவரை, புதிய கரை இன்னொன்று. போன நிலம் எவ்வளவு என்று கேட்டால், அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பைத்தான் கேட்கிறோம்.

கரும்பலகையில் துறைமுகம் ஆதிப்புள்ளி. கிழக்கு எக்ஸ் அச்சு, வடக்கு ஒய் அச்சு. பழைய கரை எக்ஸ் = 0. புதிய கரை எக்ஸ் = ஒய்³ − 4ஒய் என்க. (வகுப்புக்காக எடுத்துக்கொண்ட சமன்பாடு இது, அளந்து பெற்றதல்ல.) இரண்டும் ஒய் = −2, 0, 2 ஆகிய இடங்களில் வெட்டும். இனி, பரப்பை மெல்லிய பட்டைகளாக நறுக்கச் சொல்லுங்கள். தெற்கு வடக்காக நறுக்கினால் பட்டையின் இரு முனைகளும் புதிய கரையிலேயே விழும். முனையைக் காண முப்படிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். கிழக்கு மேற்காக நறுக்கினால் ஒரு முனை பழைய கரை, மறுமுனை புதிய கரை. நீளம், வலது கழித்தல் இடது. ஆகவே ஒய்-ஐப் பொறுத்துத் தொகையிடுகிறோம்.

அவசரப்பட்டு ஒய்³ − 4ஒய் என்பதை −2 முதல் 2 வரை ஒரே மூச்சில் தொகையிட்டால் விடை பூச்சியம். "அப்போ கடல் ஒண்ணுமே எடுக்கலையா சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கணக்கை வைக்கலாம். பூச்சியம் என்பது சேர்ந்ததும் போனதும் சமம் என்று மட்டுமே சொல்கிறது. மெரினாவில் சேர்ந்த மணல் இராயபுரத்தில் வீடு இழந்தவருக்கு ஈடாகாது.

எனவே வெட்டும் புள்ளியில் பிரிக்கிறோம். தெற்கே, −2 முதல் 0 வரை, வலப்பக்கம் இருப்பது புதிய கரை: ஒய்³ − 4ஒய், மதிப்பு 4. வடக்கே, 0 முதல் 2 வரை, வலப்பக்கம் பழைய கரை: 0 − (ஒய்³ − 4ஒய்), மதிப்பு 4. மொத்தப் பரப்பு 8 சதுர அலகுகள்.

அடுத்ததாக, ஒய்² = எக்ஸ் என்ற பரவளையத்தையும் எக்ஸ் = ஒய் + 2 என்ற கோட்டையும் கொடுக்கலாம். எக்ஸ்-ஐப் பொறுத்துச் செய்தால் எக்ஸ் = 1-இல் பிரித்து இரண்டு தொகைகள் எழுத வேண்டும்; ஒய்-ஐப் பொறுத்துச் செய்தால் −1 முதல் 2 வரை ஒரே தொகை. இரண்டு வழியிலும் விடை 9/2 வருகிறதா என்று அவர்களே பார்க்கட்டும்.