இறந்தோரை அழைக்கலாமா?



கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றி, பூத்தூவி, குருவானவர் மந்திரித்துச் சென்ற பிறகும் நம்மில் சிலர் கல்லறையை விட்டு நகர்வதில்லை. ‘ஒரே ஒரு வார்த்தை பேசமாட்டாரா?’ என்று மனம் ஏங்குகிறது. இந்த ஏக்கம் பாவமல்ல. ஆனால் இதை நம்பியே ஓர் இயக்கம் எழுந்தது.

1848-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஹைட்ஸ்வில் சிற்றூரில், ஃபாக்ஸ் வீட்டுச் சிறுமிகள் மார்கரெட்டும் கேட்டும், இரவில் கேட்ட தட்டல் சத்தம் ஓர் ஆவியின் பதில் என்றார்கள். சில ஆண்டுகளில் ஆவியுலகக் கூட்டங்கள் கடல் கடந்தும் பரவின. மகனைப் பறிகொடுத்த லிங்கனின் மனைவி மேரியும் இவற்றை நாடினார். பொது மேடையில் பெண்கள் பேசுவதே அரிதான அக்காலத்தில், பலருக்கு இவ்வியக்கம் மேடை தந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அடையாறுக்குப் பின்னர் வந்த பிரம்மஞான சபையின் நிறுவனர்களான பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் முதலில் சந்தித்தது, 1874-ல் இத்தகைய கூட்டம் நடந்த ஒரு பண்ணை வீட்டில்தான்.

1888-ல் மார்கரெட்டே மேடையேறி, கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தத்தை எழுப்பினோம் என்று செய்து காட்டினார். (அடுத்த ஆண்டே அதை மறுத்தார் என்பது வேறு கதை!) ஆனாலும் கூட்டம் குறையவில்லை. முதல் உலகப்போரில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் மேலும் திரண்டனர். ஏமாற்று வெளிப்பட்டாலும் துக்கம் தீர்ந்துவிடுவதில்லையே.

1917-ல் திருச்சபை இக்கூட்டங்களில் வெறும் பார்வையாளராகக்கூட இருக்கலாகாது என்றது. ‘புனிதர்களிடம் மட்டும் நாம் பேசுவதில்லையா?’ என்று கேட்பீர்கள். பேசுகிறோம், நமக்காக மன்றாடும்படி வேண்டுகிறோம். அவர்களை வரவழைத்து, நாளை நடப்பதைச் சொல்லுமாறு கேட்பதில்லை. சவுல் அதைத்தான் செய்தார். ஏன்தோருக்கு மாறுவேடத்தில், இரவில் சென்றார். ஆறுதல் தேடிப் போனவர் தம் சாவுச் செய்தியைக் கேட்டு, தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இறந்த நம்மவர் கடவுளின் கையில் இருக்கிறார்கள். அந்தக் கையிலிருந்து அவர்களைப் பிடுங்கி இழுக்க நமக்கு உரிமையில்லை.

நம் பங்கிலும் யாரேனும் மறைந்தவரின் புகைப்படத்தோடும் பணத்தோடும் குறிசொல்பவரிடம் போனால், முதலில் திட்டாதீர்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்காருங்கள். இறந்தவரைப் பற்றி அவர்களைப் பேசவிடுங்கள். பிறகு திருப்பலிக் கருத்துக்கு அந்தப் பெயரை எழுதிக்கொடுக்க, அவர்களோடு ஆலயத்துக்கு வாருங்கள்.