கோட்டுப் பொத்தானும் பழைய கோப்பும்

குற்றம் நடந்த இடத்தையும் விதத்தையும் வைத்து, முகம் தெரியாத ஆளின் வயது, தொழில், சுபாவம் ஆகியவற்றைக் கணிப்பதே புரொஃபைலிங். தடயவியல் உளவியலில் பெரும்பகுதி நீதிமன்றத்துக்கான மனநல மதிப்பீடு போன்ற சத்தமில்லாத வேலைதான். சினிமாவுக்குப் பிடித்தது என்னவோ புரொஃபைலிங் என்ற இந்தக் கிளை.

நியூயார்க்கில் 1940 முதல் 1956 வரை ஒருவர் தியேட்டர்களிலும் ரயில் நிலையங்களிலும் முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளை வைத்தார். உலகப்போர் முடியும்வரை குண்டு வைக்கப்போவதில்லை என்று நாட்டுப்பற்றோடு போலீஸுக்கு எழுதிப்போட்டு, இடையில் ஓய்ந்தும் இருந்தார். கான்சாலிடேட்டட் எடிசன் மின் நிறுவனத்தைத் திட்டும் அவருடைய கடிதங்கள் 1956-இல் மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரஸ்ஸலிடம் வந்தன. எழுத்துகளெல்லாம் அச்சடித்தாற்போல் நேராக நிற்க, டபிள்யூ மட்டும் வளைந்திருந்தது. நடுத்தர வயது, மணமாகாதவர், தீராத வன்மம் என்று அடுக்கிய பிரஸ்ஸல், பிடிபடும்போது டபுள்-பிரெஸ்ட் கோட்டைப் பொத்தானிட்டு அணிந்திருப்பார் என்றும் சொன்னாராம். 1957 ஜனவரியில், கனெக்டிகட்டின் வாட்டர்பரியில், போலீஸ் போய் நின்றபோது ஜார்ஜ் மெட்டெஸ்கி என்ற அந்தக் குண்டுக்காரர் பைஜாமாவோடு கதவைத் திறந்தார். உடை மாற்றி வந்தபோது மேலே அதே கோட்டு, பொத்தான் சகிதம்!

கதை ருசியானதுதான். ஆனால் பிரஸ்ஸல் அதை விரிவாகச் சொன்னது 1968-இல் வெளியான தன் நூலில். மெட்டெஸ்கியைக் காட்டிக்கொடுத்ததும் கோட்டு அல்ல. அவர் 1931-இல் அந்த நிறுவனத்தின் வேலையில் விபத்துக்குள்ளாகி, இழப்பீடு மறுக்கப்பட்டவர். பழைய இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டிய எழுத்தர் ஆலிஸ் கெல்லியின் கண்ணில், குண்டுக்காரரின் கடிதங்களில் இருந்த அதே சொற்கள் பட்டன.

எஃப்.பி.ஐ. 1972-இல் குவான்டிகோவில் நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது. அதன் அதிகாரிகள் சிறையிலிருந்த 36 கொலையாளிகளைப் பேட்டி கண்டு, திட்டமிட்டுச் செய்பவர், தாறுமாறாகச் செய்பவர் என இரு வகையாகப் பிரித்தார்கள். பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கேன்டர் குழு 100 தொடர்கொலையாளிகளின் கொலைகளை அலசி 2004-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வகைப்பாடு நிற்கவில்லை. திட்டமிடலின் அடையாளம் பெரும்பாலானவற்றில் இருந்தது.

கணிப்பை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு விம்பிள்டன் வழக்கு சாட்சி. அங்கே 1992-இல் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். புரொஃபைலுக்குப் பொருந்துவதாகப் பட்ட ஒருவரிடம் பெண் போலீஸ் ஒருவரைக் காதலிபோலப் பழகவிட்டு வாக்குமூலம் கறக்கப் பார்த்தார்கள். வாக்குமூலம் வரவில்லை, இருந்தும் வழக்குப் போட்டார்கள். 1994-இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்தார், வழக்கு விழுந்தது. டி.என்.ஏ. சிக்க வைத்தது வேறொருவரை. 2008-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் இன்று இந்த வேலையைச் செய்பவர்களுக்கு 'நடத்தை விசாரணை ஆலோசகர்' என்று பெயர். எந்தக் கணிப்புக்கு என்ன அடிப்படை என்பதையும் அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.