வெளியே தெரியாத குடலிறக்கம்

குடலிறக்கத்தை அடையாளம் காண டாக்டர் வேண்டியதில்லை. தொப்புளிலோ தொடை இடுக்கிலோ புடைத்து நிற்கும். இருமினால் பெருக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். இதன் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. அதில் குடல் வயிற்றுச் சுவரைத் தாண்டுவதே இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொந்தில் நுழைந்து, திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தட்டுப்படாது.

வயிற்றுக்குள் பொந்து எப்படி வந்தது?

கரு ஆறு வாரமாக இருக்கும்போது, வேகமாக நீளும் குடலுக்கு அந்தச் சின்ன வயிற்றில் இடம் போதாது. தொப்புள்கொடிக்குள் புகுந்து வளர்கிறது. பத்தாவது வார வாக்கில்தான் வீடு திரும்புகிறது. இந்தப் பயணத்துக்குள் மொத்தம் 270 பாகை சுழன்று, பிறகு ஆங்காங்கே வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்ட வேண்டிய இடம் ஒட்டாமல் போனால் அங்கே ஒரு பை மிஞ்சிவிடும். முன்சிறுகுடலுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் இடப்புறம், இப்படி மிஞ்சும் பைதான் பிறவிப் பொந்துகளில் பேர்பெற்றது. பிராக் நகரின் நோய்க்கூற்று நிபுணர் ட்ரைட்ஸ் 1857-லேயே இத்தகைய உள் குடலிறக்கங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார்.

பை இருக்கும் எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. சிலருக்குச் சாப்பிட்டதும் வலி வரும், தானே போகும். "வாயுக் கோளாறு" என்று வருஷக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். குடல் இறுகச் சிக்கும் நாளில்தான் கதை மாறுகிறது. குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அதைத் தாங்கும் சவ்வுக்குள்தான் ஓடுகின்றன. சவ்வு திருகினால் உணவுப் பாதையோடு ரத்த ஓட்டமும் நின்று, சில மணி நேரத்திலேயே குடல் கறுத்துவிடலாம். சி.டி. ஸ்கேனில் ரத்தக் குழாய்கள் ஆற்றுச் சுழிபோலச் சுருண்டு தெரிந்தால் அறுவைக்கூடம் தயாராக வேண்டியதுதான்.

சிறுகுடல் அடைப்புகளில் இதன் பங்கு மிகச் சிறியது. பழைய அறுவைத் தழும்புகளால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே முதல் காரணம். ஆனால் இப்போது மனிதர் கையாலேயே புதுப் பொந்துகள் உருவாகின்றன. உடல் பருமனுக்குச் செய்யும் இரைப்பை பைபாஸில் குடலை வெட்டி, மேலே தூக்கி இணைக்கிறார்கள். சவ்வில் இடைவெளிகள் விழுகின்றன. அவற்றில் ஒன்று, இரைப்பை அறுவைக்குப் பின் வரும் இந்தச் சிக்கலை 1900-இல் விவரித்த ஜெர்மன் மருத்துவர் பீட்டர்சனின் பெயரைத் தாங்குகிறது. எடை குறையக் குறையச் சவ்வுக் கொழுப்பும் கரைந்து இடைவெளி அகலமாகிறது. இந்த அறுவையைச் சிறு துளைகள் வழியே, லேப்ராஸ்கோப்பியில் செய்தால் தழும்பு ஒட்டுதல் குறைவு. நல்லதுதான், ஆனால் குடல் இஷ்டத்துக்கு நகர அதுவே வசதி!

தைத்து மூடிவிட்டால் என்ன? ஸ்வீடனில் சுமார் 2,500 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இடைவெளியை மூடாதவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு மூன்றாண்டுகளுக்குள் குடலடைப்புக்காக மறு அறுவை தேவைப்பட்டது, மூடியவர்களில் 5.5 சதவீதம். ஆனால் தையல் இழுத்துக் குடல் இணைப்பு மடங்கி, தொடக்கத்திலேயே சிக்கலானவர்களும் உண்டு. அதையும் கணக்கில் வைத்தாலும், மூடுவதுதான் சரி.

பைபாஸ் செய்துகொண்டவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், பல வருஷம் கழித்துக் கடும் வயிற்றுவலி வந்தாலும் அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக அந்த ஆபரேஷனைச் சொல்லுங்கள்.