புற்றுக்காளானா, நாய்க்குடையா? பறிக்கும் முன் பாருங்கள்



இடி இடித்து நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும். மறுநாள் விடிகாலையில் நம் ஊர்ப்பக்கப் பெண்கள் கையில் கூடை இருக்கும். கொல்லை வரப்பு, கரையான் புற்று, முந்திரித் தோப்பு, வைக்கோல் போர் என்று தேடிப்போய் காளான் பறித்து வருவார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் நல்ல கறி அது. புரதச் சத்தும் உண்டு. ஆனால் அதே கூடையில் விஷமும் சேர்ந்து வந்துவிடலாம். அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

கூட்டத்தில் இரண்டு கூடை

கடலூர் - சிதம்பரம் சாலையில் குடிகாடு பக்கம், ஒரு மழைக்காலத்தில் நடந்த குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வரவு வைத்து முடித்தாயிற்று. மூத்த உறுப்பினரான ஆயா ஒருவர் காலையில் பறித்த காளானை எல்லோருக்கும் பங்கு போட எடுத்து வந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு தங்கை, "நானும் பறிச்சேன் ஆயா, எங்க வீட்டுக்குப் பின்னால புல்லுல வட்டமா மொளச்சிருந்தது" என்று ஓடிப்போய்த் தன் கூடையை எடுத்து வந்தாள்.

ஆயா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இத கீழ வையிடி. இது நம்ம காளான் இல்ல."

"ரெண்டும் வெள்ளை, ரெண்டும் குடை மாதிரிதான இருக்கு?"

"பாத்தாலே தெரியும்டி!"

அந்தத் தங்கையின் முகம் மாறிவிட்டது. "பாதிய ஏற்கனவே குழம்புல போட்டுட்டனே ஆயா!" கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு நாலு பேர் அவள் வீட்டுக்கு ஓடினார்கள். நல்ல வேளை, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரவில்லை. குழம்பைக் குழி தோண்டிக் கொட்டி மூடினார்கள்.

ஆயாவுக்குப் பார்த்தாலே தெரிகிறது. ஐம்பது வருஷப் பழக்கம். நமக்கு? ஆயா எதையெல்லாம் பார்த்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அந்த அறிவு நம் கைக்கு வரும்.

நம்ம புற்றுக்காளான்

புற்றுக்காளான் தானாக முளைப்பதில்லை. கரையான் பூமிக்கு அடியில் புற்றுக்குள் ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. இலை, சருகு, மரத்தூள் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்து, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. மழை வந்ததும் அந்தத் தோட்டத்திலிருந்து காளான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதனால் அதற்குச் சில அடையாளங்கள் உண்டு.

- குடையின் நடு உச்சியில் கூரான மூக்கு இருக்கும். மண்ணைத் துளைப்பதற்கான மூக்கு அது. பெரும்பாலும் சற்றுக் கருத்திருக்கும்.
- தண்டைப் பிடுங்காமல் சுற்றிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தால், வேர் போல நீளமாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். அது புற்றில் உள்ள தோட்டம் வரைக்கும் போகும்.
- குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் முதலில் வெள்ளையாக இருந்து, பிறகு லேசான ரோஜா நிறத்துக்கு வரும்.

புற்றுக்காளானிலும் பல வகை உண்டு. அதில் ஒரு வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராஜன் என்ற ஆராய்ச்சியாளர் 1979இல் தனி இனமாக விவரித்து உலகுக்கு அறிவித்தார். அந்த வகையின் தண்டில் வளையம் உண்டு. "வளையம் இருந்தால் விஷம், இல்லாவிட்டால் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு என்பதற்கு நம் ஊர்க் காளானே சாட்சி.

அதைப் போலவே இருக்கும் நாய்க்குடை

அந்தத் தங்கை பறித்தது பச்சை மடிப்புக் காளான். நம் நாட்டில் மட்டுமல்ல, வெப்பமான பல நாடுகளிலும் மழைக்குப் பிறகு புல்வெளியில் வரும். அடிக்கடி வட்டமாக முளைக்கும்.

- வெள்ளைக் குடையின் மேல் பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருக்கும். நடுவில் செதில் அதிகமாக இருக்கும். மண்ணைத் துளைக்கும் கூர்மூக்கு இருக்காது.
- தண்டின் அடி சற்றுப் பருத்திருக்கும். அதோடு முடிந்துவிடும். நீள வேர் கிடையாது.
- முற்றிய பிறகு மடிப்பு பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு மாறும்.

ஆபத்து எங்கே என்றால், இளசாக இருக்கும்போது இதன் மடிப்பும் வெள்ளைதான். நாமோ இளசாகப் பார்த்துத்தான் பறிக்கிறோம்! இதற்கு மிக நெருங்கிய பங்காளி வகைகள் சில உண்டு. அதே குடை, அதே செதில், அதே வளையம். அவற்றில் சிலவற்றை வெளிநாடுகளில் சாப்பிடுகிறார்கள். அக்கா தங்கை போல அச்சு அசலாக இருப்பதால், காளான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். அதனால் செதில் உள்ள குடைக்காளான் எதையுமே தொடாமல் இருப்பது நல்லது.

இதைத் தின்றால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும். பெரியவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பில் நீர் வற்றி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வைக்கோல் காளானும் பை உள்ள விஷக்காளானும்

வைக்கோல் போரில் முளைக்கும் காளானும் நமக்குத் தெரிந்ததுதான். இந்தியாவில் இதை முதன்முதலில் 1940களில் கோயம்புத்தூரில் பயிர் செய்து பார்த்தார்கள். இது முட்டை போல முளைத்து, தோல் கிழிந்து விரியும். கிழிந்த தோல் அடியில் பை போல நிற்கும்.

உலகத்தில் காளான் தின்று சாகிறவர்களில் பெரும்பாலோரைக் கொல்கிற விஷக்காளான் குடும்பத்துக்கும் இதே முட்டை, இதே பைதான். என்ன வித்தியாசம்? வைக்கோல் காளானின் மடிப்பு முற்றும்போது ரோஜா நிறமாகும், தண்டில் வளையம் இருக்காது, மக்கும் வைக்கோலில் வரும். விஷக்காளானின் மடிப்பு பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும், பலவற்றில் பாவாடை போல வளையம் தொங்கும், மர வேரோடு சேர்ந்து மண்ணில் முளைக்கும். ஆனால் முட்டைப் பருவத்தில் இந்த வித்தியாசம் ஒன்றும் வெளியே தெரியாது. அதனால் மண்ணில் முளைத்த முட்டைக் காளானைப் பறிக்கவே கூடாது.

2011 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்தில் சீனாவைச் சேர்ந்த ஒரு சமையல்காரர் புத்தாண்டு விருந்துக்குக் காளான் சமைத்தார். சொந்த ஊரில் தின்று பழகிய வைக்கோல் காளான் என்று நினைத்தார். அவரும் இன்னொருவரும் இறந்துபோனார்கள். காளானோடேயே பழகிய கைக்கே இந்தக் கதி. நம் நாட்டிலும் 2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில் காட்டுக்காளான் தின்று சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

இந்த விஷம் உடனே காட்டாது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான், சில பேருக்கு மறுநாள்தான், வாந்தி பேதி தொடங்கும். பிறகு நின்றுவிடும். "சரியாப் போச்சு" என்று வீட்டிலேயே இருந்துவிடுவோம். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் மஞ்சள்காமாலை போல வந்து ஆளையே சாய்த்துவிடும்.

நம்பக்கூடாத சோதனைகள்

- "வெள்ளிக்காசு போட்டு வேகவைத்தால் கறுக்கும்", "பூண்டு, வெங்காயம் நிறம் மாறும்" என்பது பொய். கொல்லும் விஷம் காசையும் பூண்டையும் ஒன்றும் செய்யாது.
- "பூச்சி, நத்தை, ஆடு தின்றால் நாமும் தின்னலாம்" என்பதும் பொய். அதுகளின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.
- "மஞ்சள், புளி போட்டு நன்றாக வேகவைத்தால் விஷம் போகும்" என்பது பெரிய பொய். கொல்லும் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது.

செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை

விரிந்த காளான் ஒன்றின் குடையை மட்டும் வெட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி காகிதத்தில் வையுங்கள். காகிதம் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கட்டும். மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் குடையை எடுத்தால் மாவு போலத் தூள் படிந்திருக்கும்.

தூள் பச்சையாக இருந்தால் பச்சை மடிப்புக் காளான், விஷம். வெள்ளையாக இருந்தால் அது புற்றுக்காளானும் இல்லை, வைக்கோல் காளானும் இல்லை. இந்த இரண்டுக்கும் ரோஜா நிறத் தூள் விழும். ஆனால் ரோஜா நிறம் என்பதற்காக மட்டும் சமைத்துவிடாதீர்கள். ரோஜாத் தூள் விழும் விஷக்காளானும் உண்டு. கூர்மூக்கு, நீள வேர், புற்று, ரோஜாத் தூள், இத்தனையும் பொருந்த வேண்டும். அதற்கு மேல் ஆயாவைப் போலப் பழகிய கண் ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று இடித்தாலும் குப்பைக்குழிதான்.

இன்னொன்று. காளான் மண்ணில் உள்ள காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாலையோரம், தொழிற்சாலை ஓரம், மருந்தடித்த வயல் ஆகிய இடங்களில் முளைத்தது நல்ல காளானாகவே இருந்தாலும் வேண்டாம். சிப்காட்டை ஒட்டி இருக்கிற நம் ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

தின்றுவிட்டால்?

வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்ததுமே 108க்குப் போன் செய்யுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். சேர்ந்து சாப்பிட்ட எல்லோரும், நன்றாக இருப்பவர்களும் போக வேண்டும். மிச்சமான காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்று சொல்லுங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நின்றுவிட்டது என்று பாதியில் வீடு திரும்பாதீர்கள்.

காளான் வேண்டும், பயம் வேண்டாம்

பறித்த காளானைப் பங்கு போடுவது நம் வழக்கம். ஆனால் விற்பனைக்கு அது சரிவராது. ஒரு கூடையில் ஒன்று தப்பாக விழுந்தாலும், ஒரு குடும்பம் போவதோடு குழுவின் பெயரும் போகும். விற்க வேண்டுமானால் வளர்த்து விற்கலாம். வைக்கோல் நம்மிடமே இருக்கிறது. சிப்பிக்காளானுக்கு நிழலும் ஈரமும் போதும். பால் காளான் நம் ஊர் வெயிலையும் தாங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காளான் வளர்ப்புப் பயிற்சி பற்றிக் கேட்டு, குழுவிலிருந்து இரண்டு பேர் போய் வாருங்கள்.

அந்தக் குடிகாட்டுக் கூட்டம் கடைசியில் எப்படி முடிந்தது தெரியுமா? திரும்பி வந்து உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்: "பறித்த காளானை மூத்தவர் ஒருவர் பார்க்காமல் அடுப்பில் ஏற்றுவதில்லை. சந்தேகம் வந்தால் சமைப்பதில்லை." அடுத்த மழையில் ஆயா அந்தத் தங்கையைக் கையோடு புற்றுக்கு அழைத்துப் போனார். "பாத்தாலே தெரியும்" என்று சொல்லவில்லை. மண்ணைத் தோண்டி வேரைக் காட்டினார்.

உங்கள் குழுவிலும் அப்படி ஒரு ஆயா இருப்பார். அடுத்த கூட்டத்தில் அவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள்.