குறு, சிறு, நுண், நொய்

குறு, சிறு, நுண் ஆகியவை பொருளால் நெருங்கிய சொற்கள். அகராதிகள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்தாலும், காவிரிப் படுகையின் வழக்கில் இவற்றுக்குத் தனித்தனி வேலை உண்டு.

நீளமோ காலமோ குறைந்திருப்பதே குறுமை. ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறைந்தால் அது குற்றியலுகரம் (குறுமை + இயல் + உகரம்). வயலில் இதே குறுமை 'குறுவை' ஆகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டால், தஞ்சாவூர்ப் பகுதியில் குறுவை நட்டு ஏறத்தாழ 105 முதல் 120 நாள்களுக்குள் அறுத்துவிடலாம். சம்பாவின் பழைய நெல் வகைகளுக்கு 150 நாள்களுக்கு மேலும் ஆகும். எனவே குறுவை என்றால் சிறிய நெல் என்று எழுதுவது பிழை. குறுகியது வயதுதான், மணி அன்று. மணி சிறுத்த நெல் சீரகச் சம்பா. அதன் பெயரிலோ குறுவும் இல்லை, சிறுவும் இல்லை!

'சிறு' மொத்த உருவின் அளவைச் சொல்லும்: சிறுதானியம், சிறுபயறு. 'நுண்' கண்ணுக்கு எளிதில் புலப்படாததற்கு உரியது: நுண்ணுயிர். 'நொய்' உடைந்த அரிசி. முழு அரிசி எவ்வளவு சிறுத்தாலும் நொய் ஆகாது.

முகத்தலளவையில் 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். பின்னத்தில் 1/320 முந்திரி. அதையும் 320 கூறாக்கினால் ஒரு கூறு கீழ்முந்திரி. சோழர் காலக் கல்வெட்டுகள் நில அளவை இந்த நுட்பத்தோடு பதிந்திருக்கின்றன.

பேச்சில் குறுவையும் சிறுவையும் மாற்றிச் சொன்னால் பெரிய பாதகமில்லை. அரசு ஆவணத்தில் அப்படியில்லை. இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி. தஞ்சைக் கணக்கில் அது சுமார் ஏழரை மா. அதற்கு மேல் 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. 2016-இல் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, சலுகை இவ்விரு பிரிவினருக்கு மட்டுமே கிடைத்தது. வரம்புக்குச் சில குழி கூடியிருந்தவரும் வெளியே நின்றார். எல்லா விவசாயிகளுக்கும் தள்ளுபடி வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, அரசின் வரம்பு செல்லும் என்றது.