ஒரு சொல், பல பொருள்

வெளிமாநிலங்களில் ஆங்கிலவழி பயிலும் நம் சிறார் ‘டயாஃப்ரம்’ என்னும் சொல்லைப் பலவிடங்களில் சந்திக்கின்றனர். கிரேக்க மொழியில் இதன் மூலப்பொருள் இடைத்தடுப்பு என்பதாம். உடலில் அது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை. மூச்சை உள்ளிழுக்கையில் சுருங்கித் தாழ்கின்றது. தொலைபேசியில் அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய தகடு. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பில் மார்பின்மீது பதியும் மென்படலம். காமிராவில் ஒளி புகும் துளையைப் பெருக்கிச் சுருக்கும் அமைப்பு. பெயர் ஒன்றாயினும் தொழில் வெவ்வேறு.

அவ்வுடற்தசையைத் தமிழில் ‘உதரவிதானம்’ என்கின்றோம். உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி. வயிற்றின்மேல் விரித்த பந்தல்! உறுப்பின் இடத்தையும் வடிவையும் சொல்லே காட்டிவிடுகின்றது. ஆங்கிலச் சொல்லை மனனம் செய்யும் பிள்ளைக்கு இத்தமிழ்ச் சொல்லையும் இல்லத்தில் நாம் விளக்கித் தருவோமாக. பாடமும் தெளியும், தாய்மொழியும் தங்கும்.